குளிக்கும் நேரத்தை யார் முடிவு செய்வது?

வாசகர் கேள்வி – பதில்: ஆளுக்கேற்ற பராமரிப்பு

முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் தங்கும் இல்லம், வீட்டுக்கே ஆள் அனுப்பும் பராமரிப்புச் சேவை என்று எங்கே கேட்டாலும் இப்போது அடிபடும் பேச்சு, ஆளுக்கேற்ற பராமரிப்பு. எல்லாருக்கும் ஒரே கால அட்டவணை என்பதை விட்டு, அவரவர் நாளை அவரவர் சொல்படி அமைப்பதுதான் அது. அதை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க நினைப்பவர்களிடமிருந்தும், அதற்குள் வாழ்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் 24 பேர் இருக்கிறார்கள். எழுப்புவது, குளிப்பாட்டுவது, சாப்பாடு, படுக்கை எல்லாம் மணியடித்தாற்போல் ஒரே நேரத்தில் நடக்கும். இதை மாற்றிப் பார்க்க நிர்வாகம் ஒப்புக்கொண்டுவிட்டது. 24 பேருக்கும் ஒரே நாளில் தொடங்கிவிடலாமா? — இல்லப் பொறுப்பாளர்

பதில்: வேண்டாம். 5 பேர், 14 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 2 வாரம் எதையும் மாற்றாமல், இப்போது நடப்பதை மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த 2 வாரம் பேசவும் திட்டமிடவும். மீதி 10 வாரம் நடைமுறை. 10 வாரம் ஏன் என்றால், முதல் மூன்று வாரம் புதுமையின் உற்சாகத்திலேயே ஓடிவிடும். நான்காவது, ஐந்தாவது வாரத்தில் இரண்டு ஊழியர்கள் சேர்ந்தாற்போல் விடுப்பில் போவார்கள். அப்போது உங்கள் ஏற்பாடு நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

அந்த 5 பேரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நன்றாகப் பேசுகிறவர், தானே நடக்கிறவர், தொந்தரவு தராத குடும்பம் என்று பொறுக்கி எடுத்தால் வெள்ளோட்டம் வெற்றி பெறும். ஆனால் மீதி 19 பேரிடம் வரும்போது அதில் எதுவும் உதவாது. தெளிவாகப் பேசும் ஒருவர், பேச்சே இல்லாத ஒருவர், மறதி நோயுள்ள ஒருவர், தூக்கி உட்காரவைக்க இரண்டு ஆள் வேண்டிய ஒருவர், "ஐயோ, அவர் அறைக்கா?" என்று ஊழியர்கள் முகம் சுளிக்கும் ஒருவர் என்று எடுங்கள். கடைசியாகச் சொன்னவரிடம் மாற்றம் சீக்கிரமே தெரிய வாய்ப்பு அதிகம். அவருடைய பிடிவாதம் என்று எழுதப்பட்டிருப்பதில் பாதி, விடியற்காலை 5 மணிக்குத் தண்ணீர் ஊற்றப்படுவதற்கு எதிரான மறுப்பாக இருக்கலாம். ஐந்து பேரும் ஒரே தளத்தில், ஒரே 6, 7 ஊழியர்களின் பொறுப்பில் இருப்பது முக்கியம். மூன்று மாடியில் சிதறியிருந்தால் யாருக்கும் இது தன் வேலையாகத் தோன்றாது.

சம்மதத்தை முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு குடும்பத்திடம். எந்த நாளிலும் விலகலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

முதல் 2 வாரத்தில் எழுதவேண்டியவை: தானே எழுந்தாரா, எழுப்பப்பட்டாரா, எத்தனை மணிக்கு, குளியலுக்குச் சம்மதித்தாரா, மறுத்தாரா, யார் குளிப்பாட்டியது, ஒரு வாரத்தில் எத்தனை வெவ்வேறு ஊழியர்களின் கை அவர்மேல் பட்டது. இதோடு ஒவ்வொருவருக்கும் ஒருநாள் முழுக்க ஒரு கணக்கெடுப்பு. காலை 8 முதல் இரவு 8 வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை அவரைப் பார்த்து, அந்த நொடியில் ஏதாவது செய்துகொண்டோ, யாருடனாவது பேசிக்கொண்டோ இருந்தால் ஒரு குறி, சும்மா உட்கார்ந்திருந்தால் வேறு குறி. மொத்தம் 48 குறிகள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு, மாற்றம் எதற்கு என்று ஊழியர்களுக்கு நீங்கள் விளக்கவேண்டியிருக்காது.

சமையலறை, சலவை, துப்புரவு ஊழியர்களையும் முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். ஒருவர் 9.30-க்கு எழலாம் என்று நீங்கள் எழுதிவைத்து, சமையலறை 8.30-க்கு மூடிவிட்டால் எல்லாம் அங்கேயே முடிந்தது. வெந்நீர் 5 முதல் 7 வரைதான் வரும் என்றால் மாலைக் குளியல் வெறும் பேச்சு. மருந்து நேரத்தையும் மறக்க வேண்டாம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போக வேண்டும். இன்சுலின் சாப்பாட்டோடு பிணைந்தது. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா நேரம் தவறினால் உடம்பு இறுகிப்போய் நடையே நின்றுவிடும். எழும் நேரம் மாறுகிறவருக்கு மருந்து நேரங்களை மருத்துவரிடம் கேட்டு மாற்றி எழுதி வாங்கிக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

கேள்வி: ஆள் பற்றாக்குறையில் தள்ளாடிக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் தனி நேரம் என்றால் எங்கிருந்து வரும்? — நிர்வாக மேலாளர்

பதில்: நேரம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அது யாருடையது என்று பிரித்து எழுதப்படவில்லை, அவ்வளவுதான். உங்கள் டூட்டி சார்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு இப்படிக் கணக்குப் போடுங்கள்.

24 பேர் இருக்கும் இல்லத்தில் காலை ஷிப்டில் 5 பேர் 7 மணி நேரம், மாலையில் 4 பேர் 7 மணி நேரம், இரவில் 2 பேர் 10 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 35, 28, 20 ஆக 83 மணி நேரம். வாரத்துக்கு 581. இதில் இரவு 140 மணி நேரம் எல்லாருக்கும் பொது. டூட்டி மாற்றும்போது விவரம் சொல்வது, மருந்து கொடுக்கும் சுற்று, துணி அடுக்குவது, தளத்தில் எப்போதும் ஒரு ஆள் நிற்பது ஆகியவற்றுக்கு நாளைக்கு 15 வீதம் வாரம் 105. இரண்டையும் கழித்தால் மிச்சம் 336. அதை 24 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 14 மணி நேரம்.

இது சராசரி மட்டுமே. சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு ஆள் சேர்ந்து அரை மணி நேரம் குளிப்பாட்டினால் அது 1 மணி நேரச் செலவு. அப்படிப்பட்டவருக்கு வாரம் 22 ஆகலாம், தானே நடமாடுபவருக்கு 8 போதும். ஒவ்வொருவருக்கும் குளியல், கழிவறை, உணவு, உடை என்று உடம்புக்குப் போகும் நேரத்தை ஒரு வாரம் கடிகாரம் வைத்து அளந்து எழுதுங்கள். அது சராசரியாக 11 என்று வந்தால் தலைக்கு 3 மணி நேரம் மீதி. அதுதான் அவருடைய சொந்த நேரம். வெள்ளோட்டத்தில் 5 பேருக்கு வாரம் 15 மணி நேரம். அதை டூட்டி சார்ட்டிலேயே பெயர், நாள், மணி போட்டு எழுதுங்கள். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதப்பட்ட எதுவும் நடக்காது.

ஆள் வராத நாளில் முதலில் வெட்டப்படுவது இந்தச் சொந்த நேரம்தான். இதைத் தடுக்க முடியாத நாட்கள் வரும், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வெட்டியதைக் கடனாக எழுதுங்கள். "செவ்வாய் 1 மணி நேரம் பாக்கி" என்று அவர் அறையிலேயே குறித்து, 4 வாரத்துக்குள் கொடுத்துத் தீர்க்க வேண்டும். சேர்த்துவைத்து ஒரே நாளில் 4 மணி நேரமாக எடுத்துக்கொள்ள அவர் விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள். வாராவாரம் கால் கால் மணி நேரமாகக் கிடைப்பதைவிட, மாதம் ஒருமுறை பழைய நண்பரைப் போய்ப் பார்த்துவருவது சிலருக்குப் பெரிது.

இன்னொன்று. அளந்து பார்க்கும்போது சிலருக்கு உடம்புப் பராமரிப்பே 14 மணி நேரத்தையும் தின்றுவிடும், சொந்த நேரம் பூஜ்யம் என்று வரும். அப்படி வந்தால் அந்தக் குளியலும் உணவும்தான் அவருக்கான ஆளுக்கேற்ற பராமரிப்பு நடக்கவேண்டிய இடம். எந்தப் பக்கம் படுக்கவைத்து முதுகு தேய்ப்பது, தண்ணீர் எவ்வளவு சூடு, எந்தத் துண்டு என்பதெல்லாம் அவர் முடிவாக இருக்கட்டும்.

கேள்வி: எல்லாருக்கும் ஒருபக்கக் குறிப்பு எழுதி அறைக் கதவில் ஒட்டச் சொன்னார்கள். எழுதினோம். எல்லாத் தாளிலும் "அன்பானவர், பாட்டு பிடிக்கும், குடும்பத்தை நேசிப்பவர்" என்றே வருகிறது. என்ன தவறு? — பராமரிப்பு ஊழியர்

பதில்: ஒரு சோதனை செய்யுங்கள். பெயரை மறைத்துவிட்டுத் தாளை இன்னொரு ஊழியரிடம் கொடுங்கள். இது யார் என்று அவர் சொல்ல முடியாவிட்டால் அந்தத் தாள் குறிப்பே அல்ல, கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும்.

மூன்றே பகுதிகள் போதும். மற்றவர்கள் இவரிடம் மதிப்பது என்ன, இவர் மனசுக்கு வேண்டியது என்ன, இவருக்கு எப்படித் துணை செய்வது. இரண்டாவது பகுதியில்தான் பெரும்பாலோர் சறுக்குவது. மனசுக்கு வேண்டியதும் உடம்புக்கு வேண்டியதும் வேறு வேறு. "உப்பைக் குறைக்க வேண்டும்", "தினமும் நடக்க வேண்டும்" என்பவை உடம்புக்கு வேண்டியவை. டாக்டரும் மகளும் சொன்னவை. அவர் வாயிலிருந்தோ, அவர் நடத்தையிலிருந்தோ வந்தது மட்டுமே மனசுக்கு வேண்டியதில் சேரும்.

எவ்வளவு நுணுக்கமாக எழுதலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. "காலையில் மெதுவாக எழுப்பவும்" என்பது பயன்படாத வரி. இப்படி எழுதுங்கள்: "ஜன்னல் திரையைப் பாதி மட்டும் திறக்கவும். விளக்கைப் போட வேண்டாம். வலது பக்கம் நின்று பேசவும், இடது காது கேட்காது. கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுக்கவும், நீங்களே முகத்தில் மாட்ட வேண்டாம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகு 10 நிமிடம் தனியாக விடவும். பல் செட்டைப் பொருத்தும்வரை யாரையும் அறைக்குள் விட வேண்டாம், பல்லில்லாமல் பேச வெட்கப்படுவார்." இதைப் படித்துவிட்டுப் புதிதாக வந்த ஊழியர்கூட முதல் நாளிலேயே சரியாகச் செய்ய முடியும். அதுதான் அளவுகோல்.

எழுதுவதற்கு முன் இரண்டு முறை, முக்கால் மணி நேரம் வீதம் அவரோடு உட்காருங்கள். ஒரே தடவையில் கேட்டால் விருந்தாளியிடம் பேசுவதுபோல் மரியாதைக்குப் பேசுவார். "என்ன பிடிக்கும்?" என்று கேட்பதைவிட, "நேற்று எந்த நேரம் நன்றாகப் போனது? எந்த நேரம் எரிச்சலாக இருந்தது?" என்று கேளுங்கள். இரவு டூட்டிக்காரரையும் துப்புரவுப் பணியாளரையும் தவறாமல் கேளுங்கள். தூக்கம் வராத இரவில் அவர் யாரிடம் பேசுகிறாரோ அவருக்குத்தான் அவரைத் தெரியும்.

கதவில் ஒட்டுவதைப் பற்றி: பல் செட், கழிவறை போன்ற விவரங்கள் வருகிறவர் போகிறவர் கண்ணில் படக்கூடாது. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதுவும் அவர் அனுமதியோடு. தாளின் அடியில் தேதி போடுங்கள். 3 மாதம் தாண்டிய தாளை நம்ப வேண்டாம்.

கேள்வி: பேச்சில்லாத, கேட்டதற்குப் பதில் சொல்லாத ஒருவரின் விருப்பத்தை எப்படித் தெரிந்துகொள்வது? ஊகம்தானே? — சிறப்புப் பராமரிப்பாளர்

பதில்: ஊகம்தான். ஆனால் எழுதிச் சோதிக்கப்பட்ட ஊகத்துக்கும் மனம்போன ஊகத்துக்கும் நிறைய வித்தியாசம்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள். அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது, அவர் என்ன செய்தார், அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறோம், நாம் என்ன செய்ய வேண்டும். 7 நாள் மூன்று ஷிப்டும் நிரப்பட்டும். இரண்டாவது கட்டத்தில் கண்ணால் கண்டது மட்டுமே வர வேண்டும். "கோபப்பட்டார்" என்று எழுதக்கூடாது. "இடது கையால் தட்டைத் தள்ளினார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்" என்று எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக நிரப்பி, பிறகு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடங்களில்தான் இன்னும் கவனித்துப் பார்க்க வேண்டும்.

தேர்வு கொடுக்கும்போது இரண்டே பொருள், கையில் பிடித்துக் காட்டும் நிஜப் பொருள். இரண்டு சட்டையைக் காட்டிவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். இரண்டு நொடியில் நாமே முடிவு செய்துவிடுவதுதான் வழக்கமான பிழை. மறதி நோயுள்ளவர்கள் கடைசியாகக் கேட்டதையே திருப்பிச் சொல்வது சாதாரணம், அதனால் இன்னொரு வேளை வரிசையை மாற்றிக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரிடம் சிறிது நேரம் கழித்து நேர்மாறாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கும் தலையாட்டினால் முதல் பதிலைக் கணக்கில் எடுக்கக்கூடாது. படங்களைப் புரிந்துகொள்பவர்களுக்கு, ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் முறை உதவும். ஒரு விரிப்பில் பிடித்தது, பரவாயில்லை, பிடிக்காதது என்று மூன்று இடம். படத்தை அவர் எங்கே வைக்கிறார் என்பதே பதில்.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை சம்மதித்தவர் இன்று திடீரென்று மறுக்கிறார், தட்டிவிடுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் உடனே அதை விருப்பம் என்று எழுதாதீர்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பல்வலி, காதில் அழுக்கு, புதிய மருந்து இவற்றை மருத்துவரிடம் பார்த்துவிட்டுப் பிறகு மற்றது. பேச முடியாதவரின் வலியை "இன்று அவருக்கு மூட் இல்லை" என்று மதித்து விட்டுவிடுவது, ஆளுக்கேற்ற பராமரிப்பின் பெயரால் நடக்கும் மிகப் பெரிய கொடுமை.

கேள்வி: என் அப்பாவுக்கு 82 வயது. விடியற்காலையில் தோட்டத்தில் தனியாக நடக்க வேண்டும் என்கிறார். இல்லத்தார் "அது அவர் உரிமை" என்கிறார்கள். விழுந்தால் யார் பொறுப்பு? — ஒரு மகள்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இல்லத்தார் வெறுமனே "உரிமை" என்று சொல்லி நிறுத்திவிட்டால் அது பொறுப்பைக் கைகழுவுவதுதான். அமெரிக்காவில் ராபர்ட் பெர்ஸ்கி 1972-இலேயே, ஆபத்தை எதிர்கொள்வதிலும் மனிதனுக்கு ஒரு கண்ணியம் உண்டு, எல்லாவற்றிலிருந்தும் பொத்திப் பாதுகாப்பது அந்தக் கண்ணியத்தைப் பறிக்கும் என்று எழுதினார். அதை ஏற்கிற இல்லம், ஆபத்தைக் குறைக்க என்னவெல்லாம் செய்தது என்றும் காட்ட வேண்டும். இவற்றைக் கேளுங்கள்.

எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தார்களா? 5 நிமிடம் படுக்கவைத்து அளந்து, நின்றபின் 1-ஆவது நிமிடமும் 3-ஆவது நிமிடமும் அளக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு, மருந்துகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும். வாக்கர் உயரம் சரியா? நேராக நின்று கையைத் தளரவிட்டால் மணிக்கட்டு ரேகை எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். காலணி பின்பக்கம் மூடியதா, பாதை ஈரமா, வெளிச்சம் போதுமா, விழுந்தால் கூப்பிட அவர் உடம்பிலேயே மணியோ போனோ இருக்கிறதா?

பிறகு ஒரு தாளில் நான்கு விஷயம் எழுதப்பட வேண்டும். அவர் கேட்பது, நடக்கக்கூடிய கெடுதல், அதைக் குறைக்கச் செய்தவை. நான்காவதாக, போகவிடாவிட்டால் அவர் இழப்பது. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நடக்காமல் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றி, கழிவறைக்குப் போகும் பத்து அடியிலேயே விழும் நிலை வரும். நாற்காலி பாதுகாப்பான இடமல்ல. அப்பா, நீங்கள், இல்லத்தார் மூவரும் கையெழுத்திட்டு, 4 வாரத்தில் மறுபடி பார்ப்பதாகத் தேதி குறியுங்கள்.

அப்பாவுக்கு மறதி இருந்தால் கூடுதலாக ஒரு படி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005-இல் வந்த மனத்திறன் சட்டம் நல்ல அளவுகோல் ஒன்றைத் தருகிறது. விவரத்தைப் புரிந்துகொள்கிறாரா, முடிவெடுக்கும்வரை நினைவில் வைக்கிறாரா, நல்லது கெட்டதை எடைபோடுகிறாரா, முடிவை ஏதாவது வழியில் தெரிவிக்கிறாரா. இந்தக் குறிப்பிட்ட விஷயத்துக்கு மட்டும் இதைப் பார்க்க வேண்டும். பணக்கணக்கு வராதவருக்கும் நடக்கலாமா என்று முடிவெடுக்கத் தெரியும். நமக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றாத முடிவை எடுத்தார் என்பதாலேயே திறனில்லாதவர் ஆகிவிடமாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கேள்வி: ஒவ்வொருவருக்கும் தங்களுக்குப் பிடித்த ஊழியரையே கேட்க உரிமை கொடுத்தால், சிலரை எல்லாரும் கேட்பார்கள், சிலரை யாரும் கேட்கமாட்டார்கள். சண்டை வராதா? — மேற்பார்வையாளர்

பதில்: வரும், "யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால். "எப்படிப்பட்டவர், எந்த வேலைக்கு?" என்று கேளுங்கள். குளியலுக்குப் பெண் ஊழியர்தான் வேண்டும், வெளியே போகும்போது அவசரப்படாதவர் வேண்டும், செய்தித்தாள் படித்துப் பேசத் தெரிந்தவர் வேண்டும் என்று பதில் வரும். ஊழியர்களும் தங்களுக்கு என்ன தெரியும், எதில் ஆர்வம் என்று அரைப்பக்கம் எழுதித் தரட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பொருத்துங்கள். ஒருவருக்கு ஒருவர் என்று வைக்காதீர்கள். ஒருவருக்கு மூவர் இருந்தால்தான் விடுப்பும் தாங்கும், அளவுமீறிய ஒட்டுதலும் வராது. நெருக்கமான உடம்புப் பராமரிப்புக்கு ஆணா பெண்ணா என்பதில் மட்டும் பேரம் பேச வேண்டாம், அவர் சொல்வதே முடிவு.

டூட்டி சார்ட்டை அந்தத் தளத்து ஊழியர்களே போடட்டும். மேலிருந்து வரும் அட்டவணையில் மனிதர்கள் வெறும் எண்ணாகிவிடுவார்கள். நெதர்லாந்தில் ஜோஸ் டி பிளாக் 2006-இல் தொடங்கிய பர்ட்சோர்க் என்ற வீட்டுச் செவிலியர் அமைப்பில் அதிகபட்சம் 12 பேர் கொண்ட குழுக்கள் தங்கள் வேலைநேரத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அதற்குமேல் குழு பெருத்தால் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள்.

கேள்வி: செலவு கூடுமா? பணத்தை அவரவர் கையிலேயே கொடுத்துவிடும் முறை வெளிநாட்டில் இருக்கிறதாமே? — அறக்கட்டளை உறுப்பினர்

பதில்: தொடக்கச் செலவு உண்டு. ஒருவருக்குப் பேச்சு ஒன்றரை மணி நேரம், குடும்பத்தோடு 1, எழுத 1, நான்கு ஊழியர்கள் உட்காரும் 1 மணி நேரக் கூட்டம், ஆக 7.5 மணி நேர வேலை. 5 பேருக்கு 37.5. இதை டூட்டிக்கு வெளியே இலவசமாக வாங்க நினைத்தால் அந்தக் குறிப்புகள் அவசரக் கிறுக்கலாகத்தான் வரும்.

பராமரிப்புக்கான அரசுப் பணத்தை அவரவர் கையில் கொடுக்கும் வழியை ஸ்வீடன் 1994-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் திறந்தது, பிரிட்டன் 1996 சட்டத்தால். ஆஸ்திரேலியாவின் தேசிய ஊனமுற்றோர் காப்பீட்டுத் திட்டம் 2013-இல் தொடங்கியது. இங்கிலாந்தில் 2005 முதல் 2007 வரை 13 உள்ளாட்சிப் பகுதிகளில் தனிநபர் நிதியைச் சோதித்தார்கள். 2008-இல் வந்த மதிப்பீட்டைப் பராமரிப்பு நிறுவனம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மனநலச் சேவை பெறுபவர்களுக்கு வாழ்க்கைத் தரம் கூடியதாகத் தெரிந்தது. முதியவர்களிடமோ மனநிம்மதி குறைந்திருந்தது. ஆள் தேடுவதும் கணக்கு வைப்பதும் பலருக்குச் சுமையாகிவிட்டது.

எங்கள் கருத்து இது. முதியவர்களுக்கு நடுவழி நல்லது. பணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அவர் பெயரில் தனிக் கணக்காக. எவ்வளவு இருக்கிறது, எதற்குப் போனது என்று மாதாமாதம் பெரிய எழுத்தில் ஒரே பக்கம் அவர் கையில் வர வேண்டும். செலவை அவர் முடிவு செய்வார், ரசீதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். பொதுச் செலவுக்கு எவ்வளவு பிடிக்கிறீர்கள் என்பது முதல் நாளே எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கணக்கு அவருடையது என்பது பெயரளவுக்குத்தான்.

கேள்வி: 14 வாரம் முடிந்ததும் வெற்றியா தோல்வியா என்று எப்படிச் சொல்வது? — இல்லப் பொறுப்பாளர்

பதில்: சிரித்த முகம், அழுத முகம் படம் போட்ட படிவத்தை நம்பாதீர்கள். தன்னைக் குளிப்பாட்டுகிற ஊழியரே கையில் படிவத்தோடு வந்து "திருப்தியா?" என்று கேட்டால், நாளைக்கும் அவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர் வேறென்ன சொல்வார்? கேட்பவர் வேறு தளத்தவராகவோ வெளியாளாகவோ இருக்கட்டும்.

எண்ணக்கூடியவற்றை எண்ணுங்கள். தொடக்கத்தில் எடுத்த அதே கணக்குகளை 9-ஆவது வாரமும் 14-ஆவது வாரமும் எடுங்கள். எழுதப்பட்ட சொந்த நேரத்தில் எத்தனை மணி நேரம் உண்மையில் கிடைத்தது? 15-க்கு 12-க்கும் குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் எதையும் சோதிக்கவே இல்லை, டூட்டி சார்ட்டுக்குத் திரும்புங்கள். ஒரு வாரத்தில் அவரைத் தொட்ட வெவ்வேறு ஊழியர்கள் எத்தனை பேர்? 48 குறிகளில் சும்மா இருந்தவை குறைந்தனவா? குளியல் மறுப்பு, விழுந்த தடவைகள், தேவைப்பட்டால் கொடுக்கச் சொல்லி எழுதப்பட்ட தூக்க மருந்து எத்தனை முறை கொடுக்கப்பட்டது, எடை, ஊழியர் விடுப்பு இவற்றையும் பாருங்கள். அந்த மருந்து குறைந்தால் மகிழ்ச்சி. ஆனால் குறைத்துக் காட்டுவதற்காக ஊழியர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது, அது மருத்துவர் வேலை. 5 பேரை வைத்துச் சதவீதம் போட வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முன்பு, பின்பு என்று எழுதினால் போதும்.

வெள்ளோட்டம் முடிந்தது என்று அந்த 5 பேரையும் பழைய மணிக்குத் திருப்பி எழுப்பாதீர்கள். இதைத் தொடங்குமுன்பே நிர்வாகத்திடம் எழுதி வாங்கிவிட வேண்டும். கொடுத்துவிட்டுப் பறிப்பது, கொடுக்காமலே இருந்ததைவிட மோசம்.

கேள்வி: இந்த இல்லத்தில் நான் ஆறு வருஷமாக இருக்கிறேன். இப்போது தினமும் வந்து என்ன வேண்டும், எப்போது வேண்டும் என்று கேட்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. முன்போலவே விட்டுவிடச் சொல்லலாமா? — இல்லவாசி, பெண்மணி

பதில்: தாராளமாகச் சொல்லலாம் அம்மா. முன்போலவே இருக்கட்டும் என்பதும் உங்கள் முடிவுதான், அதை உங்கள் குறிப்பில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஆனால் மொத்தமாக வேண்டாம் என்பதற்குமுன் ஒன்று செய்து பாருங்கள். தினமும் கேட்கவேண்டாம், வாரம் ஒருமுறை, நீங்கள் சொல்லும் நாளில், நீங்கள் சொல்லும் ஒரே ஊழியர் வந்து கேட்டால் போதும் என்று சொல்லுங்கள். உடுத்துவது, சாப்பிடுவதுபோன்ற சின்ன விஷயங்களுக்கு "வழக்கம்போல" என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டால் காலையில் வந்து யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். உங்களுக்கு எதில் மட்டும் கேட்டே ஆகவேண்டும் என்பதை ஒன்றிரண்டு சொல்லிவையுங்கள். உங்கள் அறையை யாரோடு பகிர்வது, உங்கள் பொருள்களை யார் எடுத்து வைப்பது, டாக்டர் வரும்போது கூட யார் இருப்பது, இப்படி. மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். மனம் மாறினால் அந்த வாரமே மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை.